டிரவுட் ஃப்ளைக்குப் பட்டு நூல்: நனைந்த நிறம் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கட்டும் முறை

டிரவுட் என்பது குளிர்ந்த நீரில் வாழும் மீன்; அதைப் பிடிக்கத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி போலக் கட்டுவதுதான் ஃப்ளை. அதற்குக் கண்டில் தெரியும் நிறத்தை நம்பிப் பட்டு வாங்காதீர்கள். மீன் அந்த நிறத்தைப் பார்ப்பதே இல்லை. மெழுகு ஏறி, முள்ளின் தண்டில் சுற்றப்பட்டு, தண்ணீரில் ஊறிய பிறகு நூல் என்ன நிறத்தில் இருக்கிறதோ அதைத்தான் டிரவுட் பார்க்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் கம்பெனி, எந்த எண், எந்தக் கண்டு என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவில், நம் நட்டாலின் மலையாறுகளில் பிரவுன் டிரவுட் 1890-ல் விடப்பட்டது. கம்பெர்க், லொட்டெனி, அண்டர்பெர்க் பக்கம் ஓடும் தெளிந்த, வேகமான நீருக்கு வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பிறந்த பழைய ஃப்ளைகள் நன்றாகவே பொருந்துகின்றன. நம் ஆறுகளிலும் சின்ன ஆலிவ் நிற மேஃப்ளைகள்தான் (ஆற்றில் வளரும் மெல்லிய சிறகுப் பூச்சிகள்) அதிகம். அந்தப் பழைய ஃப்ளைகளில் பலவற்றுக்கு உடம்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. கட்டுகிற நூலே உடம்பு. முன்னால் இரண்டு சுற்று மெல்லிய இறகு, அவ்வளவுதான். ஆகவே நூல் தவறினால் மறைக்க வேறு எதுவும் இல்லை.

நனைந்தால் ஏன் நிறம் மாறுகிறது

பட்டு நூல் என்பது மிக மெல்லிய பல இழைகளின் கட்டு. காய்ந்திருக்கும்போது இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. ஒளி காற்றிலிருந்து இழைக்கும், இழையிலிருந்து காற்றுக்கும் மாறி மாறிப் போகும்போது சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் நூலை வெளிறலாகவும் பளபளப்பாகவும் காட்டுகிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீரோ மெழுகோ எண்ணெயோ புகுந்தால் சிதறல் குறைகிறது. ஒளி உள்ளே இறங்கி அடியில் இருப்பதைத் தொட்டுத் திரும்புகிறது. அப்போது சாயத்தின் நிறம் ஆழமாகிறது, நூல் கண்ணாடித்தன்மை பெறுகிறது, அடியில் இருக்கும் முள்ளின் நிறமும் மேலே எட்டிப் பார்க்கிறது. வெண்கலப் பழுப்பு முள்ளில் சுற்றிய மஞ்சளும், வெள்ளி நிற முள்ளில் சுற்றிய அதே மஞ்சளும் தண்ணீரில் இரண்டு வேறு நிறங்கள்.

பாலியஸ்டர் நூலில் இந்த மாற்றம் குறைவு. அது உறுதியானது, ஒரே சீரானது, இறகையும் உரோமத்தையும் கட்டுவதற்கு நல்ல நூல். உடம்பே நூலாக இருக்கும் ஃப்ளைக்கு மட்டும் அது போதாது. அதில் கட்டிய உடம்பு தண்ணீரிலும் பெயின்ட் அடித்த மாதிரி மூடிக்கொண்டு நிற்கும்.

எந்த வகைப் பட்டு

ஃப்ளை கட்டுகிறவர்களின் பேச்சில் அடிக்கடி வரும் பெயர் இங்கிலாந்தின் பியர்சால்ஸ். அதன் காஸமர் என்ற மெல்லிய நூலைத்தான் பழைய செய்முறைகள் பலவும் மனத்தில் வைத்திருக்கின்றன. நேப்பிள்ஸ் என்பது அதைவிடத் தடித்தது; பெரிய முள்ளுக்கும் சால்மன் ஃப்ளைக்கும் ஆனது. மராபூ என்பது முறுக்குத் தளர்ந்த ஃப்ளாஸ் பட்டு. கட்டுவதற்கு அல்ல, உடம்பின் மேல் பரப்பிச் சுற்றுவதற்கு. காஸமர் இப்போது பழைய இருப்பாகத்தான் கைக்கு வருகிறது, விலையும் ஏறிவிட்டது. அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. தையலுக்கும் குவில்ட்டுக்கும் விற்கும் 100-ஆம் எண் இழைப்பட்டு கிட்டத்தட்ட அதே தடிமன், ஒய்.எல்.ஐ. போன்ற கம்பெனிகளின் கண்டுகளைத் தபாலில் வரவழைக்கலாம். 12, 14, 16 எண் முட்களுக்கு அது போதும் (எண் கூடக் கூட முள் சின்னது). 50-ஆம் எண் தையல் பட்டு அதைவிடத் தடித்தது. 10-ஆம் எண் முள்ளுக்கும் அதற்குப் பெரியதற்கும் வைத்துக்கொள்ளலாம். 14-இல் அதைச் சுற்றினால் உடம்பு உருண்டுவிடும்.

எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் முள்ளிலேயே அளந்துவிடுங்கள். நூலை ஒன்றை ஒன்று தொடும்படி பத்துச் சுற்று சுற்றி, அகலத்தை அளவுகோலில் பாருங்கள். பத்துச் சுற்றும் 1 மி.மீ. அளவில் அடங்கினால் சின்ன ஃப்ளைக்கு ஏற்ற நூல். 2 மி.மீ. வந்தால் பெரிய முள்ளுக்கு.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பட்டுக்கூட்டிலிருந்து நேராக இழுத்த நீள இழைகளால் ஆனது இழைப்பட்டு. அறுந்த துண்டிழைகளைப் பஞ்சு போல நூற்றது நூற்ற பட்டு. நூற்ற பட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மேலே சிறு மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஃப்ளை உடம்புக்கு அது உதவாது: மயிர்களில் காற்றுக்குமிழி ஒட்டும், மெழுகு திட்டுத்திட்டாகப் பிடிக்கும், நிறமும் மங்கும். இழைப்பட்டு என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

பட்டு என்ற பெயரில் விற்பது எல்லாம் பட்டு அல்ல

டர்பனில் கிரே தெருப் பக்கத்துச் சேலைக் கடைகளிலும் சாட்ஸ்வொர்த்திலும் ஆரி வேலைக்கும், வளையல், ஜிமிக்கி சுற்றுவதற்கும், முந்தானைக் குஞ்சம் கட்டுவதற்கும் 'சில்க் த்ரெட்' என்று வண்ண வண்ணக் கண்டுகள் கிடைக்கும். மலிவு, அழகு, நூறு நிறம். ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை ரேயான் அல்லது பாலியஸ்டர். அந்த வேலைகளுக்கு அது சரியான நூல்தான், நமக்கு ஆகாது. ரேயானும் நனைந்தால் நிறம் ஆழமாகும் என்பதால் மேலோட்டமாகப் பார்த்து ஏமாற வாய்ப்பு உண்டு. அது நனைந்தால் பலம் பெரிதும் குறைந்து, இரண்டு மீனில் அறுந்துவிடும்.

நெருப்புச் சோதனை ஒன்றே போதும். 5 செ.மீ. நூலை இடுக்கியில் பிடித்து, சிங்கின் மேல் வைத்து, நுனியை மெதுவாகச் சுடருக்குக் கொண்டு போங்கள். பட்டு சுடரிலிருந்து விலகிச் சுருளும், தயங்கி எரியும், எடுத்தால் அணைந்துவிடும். முடி பொசுங்கிய வாடை வரும். கரிய மணி போன்ற சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியாகும். ரேயான் சட்டென்று பற்றிக் காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலைத் தரும். பாலியஸ்டர் உருகும், ஆறினால் கெட்டியான, நசுங்காத உருண்டையாக நிற்கும்.

சேலைத் துணியிலிருந்து நூல்

நம் வீடுகளில் இருக்கும் ஒரு வசதி மற்ற ஃப்ளை கட்டுகிறவர்களுக்கு இல்லை. காஞ்சிபுரப் பட்டின் ரவிக்கைத் துண்டில் தைத்தது போக மிஞ்சிய வெட்டுத் துணி, கிழிந்து ஓரம் கட்டிய பழைய சேலை, சேலையின் சொந்த நூலிலேயே முடிந்த முந்தானைக் குஞ்சம் (கடைக் கண்டு வாங்கிக் கட்டியது அல்ல) எல்லாமே நல்ல இழைப்பட்டு. ஒரு ஃப்ளைக்குச் சுமார் 40 செ.மீ. நூல் போதும், உடம்பில் ஏறுவது அதில் பாதிதான், மற்றது கைக்கும் தலைக்கும். உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றின் நூல்கள் குட்டையாகிவிடும், எனவே ஒரு பக்கமாவது 40 செ.மீ. நீளமுள்ள துண்டாகப் பார்த்து எடுங்கள்.

ஓரத்தைக் கத்தரித்து, ஊசி முனையால் ஒரு நூலைக் கிளப்பி, நெசவின் போக்கிலேயே மெதுவாக இழுங்கள். பாவு நூல் முறுக்கேறியது, மெல்லியது, உறுதியானது, கட்டுவதற்கு அது. ஊடை நூல் முறுக்குக் குறைந்தது, படிந்து பரவும், உடம்புக்கு அது. ஒற்றைப் பாவு நூல் பெரும்பாலும் நமக்கு வேண்டியதைவிட மெல்லியதாக இருக்கும். இரண்டைச் சேர்த்து மெழுகு தடவினால் ஒன்றாகிவிடும். பத்துச் சுற்று அளவை இங்கேயும் எடுத்துப் பாருங்கள்.

மயில்கழுத்து போல இரட்டை நிறம் காட்டும் சேலை கிடைத்தால் விடாதீர்கள். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்பதால் ஒரே துண்டில் இரண்டு நிறப் பட்டு கிடைக்கிறது. எடுத்த நூலை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். சாயம் இறங்கினால் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் அந்த நூல் வேண்டாம். அரக்கு நிறத்தில் இந்தத் தொல்லை அதிகம்.

பழைய பட்டு நைந்திருக்கலாம். 30 செ.மீ. நூலை இரண்டு கையிலும் பிடித்து இழுங்கள். நல்ல பட்டு கொஞ்சம் நீண்டு கொடுத்த பிறகே அறும். நீளாமல் பட்டென்று அறுந்தால் அதைக் கட்டும் நூலாக நம்ப முடியாது.

ஜரிகையையும் எறியாதீர்கள். அசல் ஜரிகையில் பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியிருப்பார்கள். முறுக்கைப் பிரித்தால் மேலே இருக்கும் தட்டைக் கம்பி தனியே கழன்று வரும். சின்ன ஃப்ளையின் உடம்பில் வரிக்கம்பியாகச் சுற்ற அது அருமையான பொருள். கம்பி வராமல் பிளாஸ்டிக் தகடு கிழிந்து வந்தால் அது போலி ஜரிகை; வரிக்கு அது நிற்காது.

நிறங்கள், ஒவ்வொன்றாக

செய்முறைகளில் வரும் ஆங்கிலப் பெயர்களைவிட நம் சேலைக் கடைப் பெயர்கள் நிறத்தைத் துல்லியமாகச் சொல்கின்றன. அவற்றையே இங்கே வைத்துக்கொள்வோம்.

வெளிர் எலுமிச்சை மஞ்சள்தான் முதலில் வாங்க வேண்டிய நூல். செய்முறைகளில் பிரிம்ரோஸ் என்று வருவது இது. வெளிர்மெழுகு தடவினால் வைக்கோல் நிறம் (இரண்டு மெழுகின் செய்முறையும் கீழே 'மெழுகு' பகுதியில்). கருமெழுகு தடவினால் பச்சை கலந்த ஆலிவ். நனைந்து, பழுப்பு முள்ளின் மேல் இருக்கும்போது ஆலிவ் மேஃப்ளையின் உடம்பு அப்படியே வந்துவிடும். கிரீன்வெல்ஸ் குளோரி என்ற ஃப்ளையின் உயிர் இதில்தான் இருக்கிறது. 1854-இல் டர்ஹாமின் பாதிரியார் வில்லியம் கிரீன்வெல் கேட்டுக்கொண்டபடி, ட்வீட் ஆற்றங்கரை ஸ்ப்ரௌஸ்டனில் ஜேம்ஸ் ரைட் கட்டிக் கொடுத்தது அது. உடம்பு மஞ்சள் பட்டு, அதன் மேல் செருப்புத் தைப்பவர்களின் கருமெழுகு. ஆலிவ் நிற நூலை வாங்கி இதே ஃப்ளையைக் கட்டுகிறவர்கள் உண்டு. அது தண்ணீரில் கறுத்துப்போய், உள்ளொளி இல்லாமல் கிடக்கும். மஞ்சளை மெழுகால் ஆலிவாக்குவதுதான் சரி.

மாம்பழ மஞ்சள் கொஞ்சம் செழுமையானது. கௌதாரி இறகோடு சேர்ந்தால் பார்ட்ரிட்ஜ் அண்ட் யெல்லோ. அதே மஞ்சளில் மோல் என்ற, மண்ணைக் குடைந்து வாழும் சிறு விலங்கின் உரோமத்தை மங்கலான படலமாக மட்டும் உருட்டி, தாழைக்கோழியின் உட்சிறகு இறகைச் சுற்றினால் வாட்டர்ஹென் புளோவா. உரோமத்தின் ஊடாகப் பட்டு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உரோமம் அதிகமாகிவிட்டது.

ஆரஞ்சு மிக அதிகமாக ஏமாற்றும் நிறம். கையில் இருக்கும்போது கேசரி நிறத்தில் பளிச்சென்று இருக்கும். நனைந்தால் செம்பழுப்பாக இறங்கிவிடும், முட்டையிட்டு முடித்துத் தண்ணீரில் விழும் மேஃப்ளையின் நிறம் அது. பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச் வருடம் முழுவதும் மீன் பிடிப்பதற்குக் காரணம் இந்த இறக்கம்தான் என்பது எங்கள் முடிவு. கடையில் பார்க்கும்போது 'இவ்வளவு பளிச்சென்று வேண்டாமே' என்று செங்கல் நிறத்தை எடுத்தால், தண்ணீரில் அது கரும்பழுப்பாகப் போய்விடும். பளிச்சென்று இருப்பதையே வாங்குங்கள்.

கத்தரிப்பூ நிறம் நனைந்தால் ஏறக்குறையக் கறுப்பு. வெளிச்சம் பட்டால் மட்டும் ஊதா மின்னும். உள்ளானின் சிறகு விளிம்பில் இருக்கும் சின்னக் கரிய இறகோடு இது ஸ்னைப் அண்ட் பர்ப்பிள், மப்பும் குளிருமான நாட்களின் ஃப்ளை. வாடாமல்லி இதற்கு மாற்றாகாது. அதில் சிவப்பு அதிகம், மெழுகு ஏறினால் ஒயின் நிறத்துக்குப் போய்விடும்.

அரக்கு நிறம் நனைந்தால் கருஞ்சிவப்பு. ஏரி, அணை மீன்பிடிப்புக்கான பெரிய ஃப்ளைகளில் அது நன்றாக வேலை செய்யும். பழுப்பு ஒரு படி மட்டும் கறுக்கும், ஸ்காட்லாந்தின் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட்டின் பெயரோடு வழங்கும் பிளாக் ஸ்பைடருக்குப் பழுப்புப் பட்டும் ஸ்டார்லிங் பறவையின் மினுமினுக்கும் சின்ன இறகும்தான் மொத்தப் பொருள். பாசிப்பச்சை, சாம்பல் இரண்டையும் நீங்கள் விரும்பும் நிறத்தைவிட இரண்டு படி வெளிறலாக வாங்க வேண்டும். கிளிப்பச்சை நனைந்தால் அடர்பச்சையாகும். காடிஸ் பூச்சிக்கு அது போதும். கறுப்பு மாறாது. வெள்ளை தனியே நின்றால் கிட்டத்தட்டக் காணாமலே போய்விடும், ஆனாலும் அது அடிச்சுற்றுக்குப் பயன்படுகிறது: கரிய முள்ளின் மேல் மஞ்சளும் ஆரஞ்சும் கறுக்காமல் இருக்க, முறுக்கைப் பிரித்துத் தட்டையாக்கிய வெள்ளைப் பட்டை ஒரே ஓர் அடுக்கு சுற்றி, அதன் மேல் நிற நூலைக் கொண்டு போங்கள். ஃப்ளாஸ் உடம்புக்கு அடியில் வெள்ளித் தகடு ஒரு சுற்று போட்டால் இன்னும் உத்தமம்.

ஆறு நிறங்களோடு தொடங்கலாம்: வெளிர் எலுமிச்சை, மாம்பழ மஞ்சள், ஆரஞ்சு, கத்தரிப்பூ, பழுப்பு, வெள்ளை.

விரும்பிய நிறம் கிடைக்காவிட்டால் வெள்ளைப் பட்டுக்கு வீட்டிலேயே சாயம் ஏற்றலாம். பட்டு புரத இழை; காடி சேர்த்த வெந்நீரில் கேசரிப் பவுடர் போன்ற உணவுச் சாயங்களைப் பிடித்துக்கொள்ளும். 5 கிராம் நூலைச் சிட்டமாகச் சுற்றி, மூன்று இடத்தில் தளர்வாகக் கட்டி, முதலில் வெறும் வெந்நீரில் ஊறவையுங்கள். 250 மி.லி. தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி வெள்ளைக் காடி, ஒரு சிட்டிகைச் சாயம். கொதிக்க விடாமல், ஆவி பறக்கும் சூட்டில் 20 முதல் 30 நிமிடம். கொதித்தால் பட்டின் மினுக்கம் போய்விடும். பிறகு பாத்திரத்திலேயே ஆறவிட்டு அலசுங்கள். மஞ்சள் தூளும் பட்டில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், சோப்புப் பட்டால் சிவக்கும். இதே காரணத்தால், சமையல் முடித்த கையோடு வெளிர்நிறப் பட்டைத் தொட வேண்டாம்.

மெழுகு

மெழுகு மூன்று வேலை செய்கிறது: நூல் வழுக்காமல் பிடிக்கிறது, தண்ணீர் புகுந்து நூல் அழுகுவதைத் தள்ளிப் போடுகிறது, நிறத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு வகை வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிர்மெழுகு: பைன் பிசினான ரோசின் 40 கிராம், தேன்மெழுகு 10 கிராம், விளக்கெண்ணெய் அரைத் தேக்கரண்டி. வயலினுக்கு விற்கும் ரோசினே போதும். பழைய தகர டப்பாவில் போட்டு, அதைக் கொதிநீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் வைக்கவே கூடாது; ரோசின் ஆவி பற்றிக்கொள்ளும். ரோசின் இளக நேரம் பிடிக்கும், ஈர்க்குச்சியால் கிளறிக்கொண்டிருங்கள். நன்றாகக் கலந்ததும் குளிர்ந்த தண்ணீரில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில், ஈரக்கையால் பிசைந்து இழுத்து உருட்டுங்கள். ஒரு துளியை ஆறவிட்டு விரலால் அழுத்திப் பாருங்கள்: பொடிந்தால் எண்ணெய் போதவில்லை, கையில் ஒட்டி நூலாக இழுபட்டால் எண்ணெய் அதிகம். டர்பன் கோடையில் சரியாக இருக்கும் மெழுகு டிராகன்ஸ்பெர்க் அடிவாரத்துக் குளிர்காலையில் கல்லாகிவிடும். மலைக்கு எடுத்துப் போவதற்கு நான்கைந்து துளி எண்ணெய் கூடுதலாகச் சேர்த்த உருண்டை ஒன்று தனியாக இருக்கட்டும்.

கருமெழுகுக்கு இதே கலவையில் அரைத் தேக்கரண்டி ஸ்டாக்ஹோம் தார் சேர்க்க வேண்டும். குதிரைக் குளம்புக்குத் தடவுவதற்காக விவசாயக் கூட்டுறவுக் கடைகளில் விற்கும் பைன் தார் அது. செருப்புத் தைப்பவரிடம் அசல் கருமெழுகு கிடைத்தால் அதுவும் சரி.

தடவும்போது மெழுகைத் துண்டுத் தோலில் மடித்து, நூலை நடுவில் வைத்து, அழுத்தி வேகமாக ஒரே இழுப்பாக இழுங்கள். உராய்வின் சூட்டில் மெழுகு இளகி நூலுக்குள் இறங்கும். மெதுவாக இழுத்தால் மேலே திட்டாகப் படிந்து நூல் அறும். வெளிர்மெழுகுக்கு ஓர் இழுப்பு. கருமெழுகில் ஆலிவ் வேண்டுமென்றால் இரண்டு, மூன்று. அதற்கு மேல் போனால் சேற்று நிறம்தான் மிஞ்சும்.

மாதிரி அட்டை

புதிய நூல் எது வந்தாலும் ஃப்ளை கட்டும் முன் இதைச் செய்யுங்கள். நீங்கள் பயன்படுத்தும் அதே நிற முள் ஒன்றில், பெரியதாக இருந்தால் நல்லது, நான்கு பட்டையாக நூலைச் சுற்றுங்கள்: மெழுகில்லாமல், வெளிர்மெழுகோடு, கருமெழுகோடு, வெள்ளை அடிச்சுற்றின் மேல். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, முள்ளை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஒரு நிமிடம் ஊறட்டும். தம்ளரைக் கண்ணுக்கு மேலே தூக்கி, வானத்தை நோக்கிக் கீழிருந்து பாருங்கள். டிரவுட் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறது. பிறகு பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். விளக்கடியில் அல்ல, பகல் வெளிச்சத்தில். முடிவை அட்டையில் எழுதி, முள்ளையும் அதிலேயே குத்தி வையுங்கள். கம்பெனி நிறத்தை மாற்றினாலும் இந்த அட்டை உங்களைக் காப்பாற்றும்.

கட்டும் முறை: பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச், 14-ஆம் எண் முள்

1. முள்ளின் கொக்கிப்பல்லை இடுக்கியால் அழுத்திவிட்டு, முள்ளை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் பொருத்துங்கள். ஆரஞ்சுப் பட்டில் 40 செ.மீ. வெட்டி, வெளிர்மெழுகு ஓர் இழுப்பு. கண்டைத் தாங்கி நூலைக் குழாய் வழியே விடும் பாபினில் கட்டுவதானால் 20 செ.மீ. வெளியே இழுத்து மெழுகிட்டுக்கொள்ளுங்கள். பாபின் குழாய் பீங்கான் வாயுடையதாக இருக்கட்டும்; உலோக வாயில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தாலும் பட்டை அறுத்துவிடும்.

2. முள்ளின் காதுக்குப் (தூண்டில் நரம்பு கோக்கும் வளையம்) பின்னால் 1 மி.மீ. விட்டுத் தொடங்கி, பின்னோக்கி ஐந்து சுற்று.

3. கௌதாரியின் பழுப்புப் புள்ளியிறகு ஒன்றை எடுத்து, அடித்தூவியை உரித்துவிட்டு, இழைகள் காதுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி காம்பைக் கட்டுங்கள். இழையின் நீளம் முள்ளின் வளைவை எட்ட வேண்டும். முழுக் கௌதாரித் தோல் விலை அதிகம் என்றால், இங்கே முறையான அனுமதியோடு வேட்டையாடுகிறவர்களிடம் கௌதாரி போன்ற ஃபிராங்கோலின் பறவையின் இறகு கேட்டுப் பெறலாம். முதுகின் சின்ன இறகுகளைத் தேர்ந்தெடுங்கள்.

4. பாபினைச் சுழற்றி முறுக்கைத் தளர்த்துங்கள். எந்தப் பக்கம் சுழற்றினால் நூல் தட்டையாகிறது என்பதை ஒவ்வொரு நூலிலும் பார்த்தே முடிவு செய்யுங்கள். முறுக்கின் திசை நூலுக்கு நூல் மாறும். தட்டையான நூலைச் சுற்றுக்குச் சுற்று தொடும்படி முள்முனைக்கு நேர் மேலே வரை கொண்டு போங்கள். வளைவுக்குள் இறங்க வேண்டாம். காம்பின் மிச்சத்தையும் நூல்வாலையும் வழியிலேயே கத்தரித்துவிடுங்கள்.

5. அதே போல் தொடுசுற்றாகத் திரும்பி இறகின் பின்பக்கம் வரை வாருங்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு முறுக்கைக் கூட்டியோ குறைத்தோ விடும், ஆகவே நடுவில் ஒருமுறை மறுபடி தட்டையாக்க வேண்டும்.

6. இறகின் நுனியை இடுக்கியில் பிடித்துப் பின்னோக்கி இரண்டு சுற்று. மங்கிய உட்புறம் உடம்பைப் பார்த்து நிற்க வேண்டும். நுனியை நூலால் பிடித்து, நூலை இழைகளின் ஊடாக அசைத்து அசைத்துக் காது வரை கொண்டு வாருங்கள். காம்பை நூல் குறுக்காகக் கட்டிவிடுவதால் மீனின் பல்லில் இறகு அவிழாது.

7. மூன்று அல்லது நான்கு சுற்றில் விப் ஃபினிஷ் (நூல் நுனியை அதன் சுற்றுகளுக்கு அடியிலேயே இழுத்து முடிக்கும் முடிச்சு). கத்தரியுங்கள்.

கிரீன்வெல்லை இதே முறையில், சிறகில்லாமல் கட்டலாம். மஞ்சள் பட்டுக்குக் கருமெழுகு. முள்முனைக்கு மேலே ஜரிகைக் கம்பியைச் சேர்த்துக் கட்டி, உடம்பு முடிந்ததும் நூல் சுற்றிய திசைக்கு எதிராக நான்கைந்து வரி. அதே திசையில் சுற்றினால் கம்பி நூல் சுற்றுகளுக்கு நடுவே அமிழ்ந்துவிடும். இறகு, நடுவும் நுனியும் கறுத்த செம்பழுப்புப் பெட்டைக்கோழிக் கழுத்திறகு.

கெட்டுப்போகும் இடங்கள்

தலைக்கு வார்னிஷ் வைத்ததும் உடம்பின் முன்பாதி கறுத்துப் போகிறதா? வார்னிஷ் நூலின் இழைகளுக்கு நடுவே ஊறிப் பின்னால் ஓடிவிட்டது. அந்தக் கறை போகாது. நீர்த்த வார்னிஷை விட்டுவிட்டு, கெட்டியானதை ஊசிமுனை அளவு மட்டும் வையுங்கள். நன்றாக மெழுகிட்ட நூலில் விப் ஃபினிஷ் தானே பிடித்துக்கொள்ளும், வார்னிஷே வேண்டாம் என்பது பழைய வழக்கம். அதுவே நல்லது.

உடம்பில் வரிவரியாக மேடுபள்ளம் தெரிந்தால் முறுக்கைத் தளர்த்த மறந்துவிட்டீர்கள். உடம்பு முழுக்க மயிர்போல் பிசிறினால் காரணம் பெரும்பாலும் விரல்தான்: காய்ந்த தோலும் நகத்தின் ஓரமும் இழைகளைக் கிளப்பிவிடும். கட்டும் முன் விரல்நுனியைக் குளியல்கல்லில் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெயோ கிரீமோ தடவிக்கொண்டு உட்கார வேண்டாம். அது நூலில் ஏறினால் நனைந்த நிறம் அந்த இடத்தில் மட்டும் முன்னதாகவே வந்துவிடும்.

நூல் எப்போதும் ஒரே இடத்தில் அறுந்தால் முள்முனையைச் சந்தேகியுங்கள். சுற்றும்போது முனையில் உரசும் பட்டு, ஓரிரு இழை போய்விட்டுப் பிறகு அறும். வைஸில் முனை மறையும்படி முள்ளைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பொருத்தலாம்.

மீன்பிடித்து வந்ததும் ஈரமான ஃப்ளையை டப்பாவில் மூடி வைத்தால் முள் துருப்பிடித்து, துரு மஞ்சள் பட்டில் முதலில் தெரியும். திறந்து வைத்து உலர்த்துங்கள். கண்டுகளை வெயில் விழும் ஜன்னலோரத்தில் அடுக்காதீர்கள். ஒளி சாயத்தையும் வெளுக்கும், இழையையும் நைந்துபோகச் செய்யும். கார்ப்பெட் வண்டின் புழு பட்டையும் தின்னும், இறகையும் தின்னும். மூடி இறுகும் டப்பாவில், பட்டுச்சேலைப் பெட்டியில் போடுவது போல, துணியில் முடிந்த வசம்புத் துண்டு ஒன்றைச் சேர்த்து வையுங்கள். வெளியிலிருந்து வாங்கிய இறகுத் தோல் எதையும் நூலோடு சேர்க்கும் முன், பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்துவிடுங்கள்.